பேஸ்-1 நொதிக்குப் பெப்டைடுத் தடுப்பான்: வரைபடத்திலிருந்து சோதனைத் தட்டு வரை

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா, ஏ.பி.பி. என்ற நீளமான புரதத்தை இரண்டு இடங்களில் வெட்டும்போது பிறக்கிறது. முதல் வெட்டைப் போடுவது பீட்டா செக்ரட்டேஸ், இரண்டாவதைப் போடுவது காமா செக்ரட்டேஸ். பீட்டா செக்ரட்டேஸ் எந்தப் புரதம் என்பதைப் பல குழுக்கள் 1999-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. பேஸ்-1 என்று பெயரும் வைத்தாயிற்று. பெப்சின், ரெனின், எச்.ஐ.வி. புரோட்டியேஸ் ஆகியவற்றைப் போலவே இதுவும் புரதங்களை வெட்டும் அஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ் குடும்பம். எச்.ஐ.வி. புரோட்டியேஸுக்கு அப்போதே மருந்துகள் விற்பனையில் இருந்தன. அதே வழியில் போனால் இதற்கும் சீக்கிரம் மருந்து கிடைத்துவிடும் என்று எல்லாரும் நம்பியதில் வியப்பில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நொதியை நானோமோலார் செறிவில் பிடித்துக்கொள்ளும் பெப்டைடை, அதாவது குறுகிய அமினோ அமிலச் சங்கிலியை, செய்வது வேலையின் எளிய பாதி. அந்தப் பெப்டைடு எந்த அமிலத்தன்மையில், செல்லின் எந்த அறைக்குள், வேறு எந்த நொதிகளுக்கு நடுவே வேலை செய்யப்போகிறது என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதி வைக்காவிட்டால், அந்த எளிய பாதியில் செலவான மாதங்கள் வீண்.

எங்கிருந்து தொடங்குவது

நொதி இயல்பாக வெட்டும் வரிசையிலிருந்துதான். சாதாரண ஏ.பி.பி.யில் வெட்டு விழும் இடம்: செரின், குளூட்டமிக் அமிலம், வாலின், லைசின், மெத்தியோனின், இங்கே வெட்டு, பிறகு அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின், குளூட்டமிக் அமிலம், ஃபினைல்அலனின். வெட்டுக்கு இடப்பக்கம் இருப்பவற்றை பி1, பி2, பி3 என்றும், வலப்பக்கம் இருப்பவற்றை பி1', பி2' என்றும் எண்ணுவது வழக்கம். 1992-இல் ஒரு ஸ்வீடியக் குடும்பத்தில் கண்டறியப்பட்ட பிறழ்வில் பி2-இல் லைசினுக்குப் பதில் அஸ்பராஜின், பி1-இல் மெத்தியோனினுக்குப் பதில் லூசின். இந்த வரிசையை நொதி பல மடங்கு வேகமாக வெட்டுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அது துயரம். வடிவமைப்பாளருக்கு அது தெளிவான குறிப்பு: பி1 போய் உட்காரும், நொதியிலுள்ள எஸ்1 பள்ளத்துக்கு லூசின் போல் கொழுப்பு நாட்டமுள்ள பக்கச்சங்கிலி வேண்டும், எஸ்2-க்கு நீர்நாட்டமுள்ள சிறிய ஒன்று வேண்டும். எதிர்த்திசையில் இன்னொரு குறிப்பும் உண்டு. 2012-இல் ஐஸ்லாந்து மக்களிடம் கண்டறியப்பட்ட பிறழ்வில் பி2' அலனின் த்ரியோனினாக மாறியிருக்கிறது. அதனால் வெட்டு குறைகிறது, நோயும் அவர்களிடம் குறைவு. முழுமையாகத் தடுக்காமல் ஓரளவு குறைத்தாலே பலன் உண்டு என்பதற்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த மிக வலுவான சான்று இது. இதைக் கடைசியில் மறுபடி எடுக்கிறேன்.

வெட்டு நடப்பது எப்படி? 32-ஆம், 228-ஆம் இடங்களில் உள்ள இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்கள் நடுவில் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நீர் பெப்டைடுப் பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. ஒரு கணம் அந்தக் கார்பன் நான்முகி வடிவம் எடுத்து இரண்டு ஆக்சிஜன்களைச் சுமக்கிறது. அந்த மாறுநிலையைத்தான் நொதி மற்ற எதையும்விட இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே வெட்டுப்படும் பிணைப்பை எடுத்துவிட்டு, அங்கே வெட்ட முடியாத, ஆனால் ஒரு ஹைட்ராக்சில் தொங்கும் நான்முகிக் கார்பனை வைத்தால் நொதி ஏமாறும். அந்த ஹைட்ராக்சில் நீரைத் தள்ளிவிட்டு இரண்டு அஸ்பார்ட்டேட்டுகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை அல்ல, ஓர் அமினோ அமிலம்), ஹைட்ராக்சிஎத்திலீன் என இரண்டு அலகுகள் பழக்கத்தில் உள்ளன. ஸ்டாட்டின் கடையில் கிடைக்கும், இணைப்பதும் சுலபம். ஆனால் இரண்டு அமினோ அமிலங்களுக்கு முதுகெலும்பில் ஆறு அணுக்கள் என்றால், ஸ்டாட்டினில் ஐந்துதான். வலப்பக்கம் ஒரு அணு அளவுக்கு உள்ளே இழுபடும், பள்ளங்களில் பக்கச்சங்கிலிகள் சரியாக விழாது. ஹைட்ராக்சிஎத்திலீனில் ஆறு அணுக்களும் உண்டு, பொருத்தம் அச்சாக வரும். ஆனால் அதைத் தனியாகப் பல படிகளில் தயாரிக்க வேண்டும். வித்தியாசம் எண்களிலேயே தெரியும். லைசின்-த்ரியோனின்-குளூ-குளூ-ஐசோலூசின்-செரின்-குளூ-வாலின்-அஸ்பராஜின்-ஸ்டாட்டின்-வாலின்-அலனின்-குளூ-ஃபினைல்அலனின் என்ற, ஸ்டாட்-வால் என்று அழைக்கப்படும் பெப்டைடு (குளூ என்பது குளூட்டமிக் அமிலம்) சில பத்து நானோமோலாரில் நொதியின் வேகத்தைப் பாதியாக்குகிறது. எட்டே அலகுகள் கொண்ட ஓ.எம்.99-2-இல் லூசினுக்கும் அலனினுக்கும் நடுவே ஹைட்ராக்சிஎத்திலீன், அதன் கே.ஐ. மதிப்பு (பிடிப்பின் இறுக்கத்தைக் காட்டும் எண், சிறிதானால் இறுக்கம் அதிகம்) 1.6 நானோமோலார். அருண் கோஷ், ஜோர்டான் டாங் குழுவினர் 2000-இல் வெளியிட்டது அது. அதே ஆண்டு அது நொதிக்குள் உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பும் 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வந்தது.

அஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ் என்றாலே பெப்ஸ்டாட்டின் என்ற பெப்டைடு தடுக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பேஸ்-1-ஐ அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. பெப்ஸ்டாட்டினை நேர்மறைக் கட்டுப்பாடாக (கட்டாயம் தடுக்கும் என்று எதிர்பார்க்கும் ஒப்பீடாக) வைத்துவிட்டு, அது தடுக்காததால் சோதனையே தவறு என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓ.எம்.99-2 அல்லது ஸ்டாட்-வால் வையுங்கள்.

கணினியில் எதை நம்பலாம்

மாதிரி கட்டுவதற்கு மேலே சொன்ன ஓ.எம்.99-2 படிக அமைப்பே (புரதத் தரவு வங்கியில் 1எஃப்.கே.என்.) போதும். புதுப் பெப்டைடை வெற்றிடத்திலிருந்து டாக்கிங் (கணினியில் நொதிக்குள் பொருத்திப் பார்ப்பது) செய்ய வேண்டாம். எட்டு அலகுப் பெப்டைடில் சுழலும் பிணைப்புகள் முப்பதைத் தாண்டும். நிரல் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி தற்செயல். படிகத்தில் உள்ள ஓ.எம்.99-2-இன் முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டு பக்கச்சங்கிலிகளை மட்டும் மாற்றுங்கள். இரண்டு அஸ்பார்ட்டேட்டுகளில் ஒன்றுக்குப் புரோட்டான் உண்டு, மற்றதற்கு இல்லை. நிரல் தானாகவே பி.எச். 7-க்கு அமைத்து இரண்டையும் எதிர்மின்னாக்கிவிடும். அப்படி விட்டால் ஹைட்ராக்சில் உட்காரும் விதமே தப்பாக வரும். மேலே மூடி போல் இறங்கும் மடலையும், அதில் உள்ள 71-ஆம் டைரோசினையும் கவனியுங்கள். தடுப்பான் இல்லாத படிகங்களில் இந்த மடல் திறந்திருக்கும். அப்படிப்பட்ட அமைப்பில் டாக்கிங் செய்தால் விடை எதற்கும் உதவாது.

ரெசினில் ஸ்டாட்டின்

முதல் முறை செய்பவர் ஸ்டாட்-வாலையே செய்வது நல்லது. விடை தெரிந்த கணக்கு. உங்கள் கையும் சோதனையும் சரியா என்று சொல்லிவிடும். 0.1 மில்லிமோல் அளவு போதும்.

பெப்டைடை ரெசின் மணிகளில் வாலிலிருந்து தலை நோக்கி ஒவ்வோர் அமினோ அமிலமாக வளர்க்கிறோம்; ஏறும் ஒவ்வொன்றின் அமீனையும் எஃப்மாக் என்ற கழற்றக்கூடிய மூடி காக்கும். வால் நுனியில் கார்பாக்சில் வேண்டும் என்பதால் 2-குளோரோட்ரைட்டில் ரெசினில் எஃப்மாக்-ஃபினைல்அலனினை ஏற்றி, மிச்சமிருக்கும் இடங்களை மெத்தனால் கொண்டு மூடிவிடுங்கள். எஃப்மாக் நீக்கத்துக்கு டி.எம்.எஃப். கரைப்பானில் 20% பிப்பெரிடின், 5 நிமிடமும் பிறகு 10 நிமிடமும். சாதாரண அமினோ அமிலங்கள் ரெசினின் மோல் அளவைப் போல் நான்கு மடங்கு, இணைப்பைத் தூண்டும் டி.ஐ.சி.யும் ஆக்சிமாவும் அதே நான்கு மடங்கு, ஒரு மணி நேரம். வாலின், ஐசோலூசின், த்ரியோனின் ஆகிய மூன்றுக்கும், அவற்றின் தலையில் ஏறும் அடுத்த அலகுக்கும், இரண்டு முறை இணைப்பு.

ஸ்டாட்டின் முறை வரும்போது நிதானம் தேவை. எஃப்மாக்-ஸ்டாட்டினின் மூலக்கூறு எடை 397.5, ஒன்றரை மடங்கு என்றால் 60 மில்லிகிராம். வாங்கும்போது (3எஸ், 4எஸ்) வடிவம்தானா என்று பாருங்கள். ஹைட்ராக்சிலின் திசை புரண்ட வடிவம் தடுக்கும் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். இரண்டுக்கும் எடை ஒன்றே என்பதால் நிறை அலைமாலையில் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒன்றரை மடங்கு ஸ்டாட்டின், அதே அளவு டி.ஐ.சி., ஆக்சிமா, காரம் எதுவும் வேண்டாம், இரண்டரை மணி நேரம். நின்ஹைட்ரின் சோதனையில் மணிகள் நீலமாக இருந்தால் (இணையாத அமீன் மிச்சம் என்று பொருள்) அளவைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். ஸ்டாட்டினின் ஹைட்ராக்சில் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கிறது. அளவை ஏற்றினால் இரண்டாவது ஸ்டாட்டின் முதல் ஸ்டாட்டினின் ஹைட்ராக்சில் மேலேயே எஸ்டராக ஏறிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு ஒன்பது இணைப்புகள் பாக்கி. ஒவ்வொன்றிலும் அந்த ஹைட்ராக்சில் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆரம்ப இணைப்புகளில் எஸ்டர் உருவாகிவிட்டால், அதன் நுனியில் உள்ள எஃப்மாக் அடுத்த சுற்றில் கழன்று, அங்கிருந்து ஒரு கிளையே வளர ஆரம்பிக்கும். கடைசி இணைப்புகளில் உருவானால் முழுப் பெப்டைடை விட 128, 101 என்று ஓர் அமினோ அமில எடை கூடுதலாக ஒரு சிகரம் தெரியும். டி.ஐ.பி.ஈ.ஏ. போன்ற காரம் சேர்த்து ஹெச்.ஏ.டி.யு. என்ற இணைப்பியோடு இணைப்பதை ஸ்டாட்டினுக்குப் பிறகு தவிர்ப்பதற்கு இதுவே காரணம். எஸ்டர் உருவாவதை வேகப்படுத்தும் டி.எம்.ஏ.பி. பக்கமே போக வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது நல்ல பழக்கம் ஒன்று. ஒவ்வோர் இணைப்புக்குப் பிறகும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஊற்றி மிச்ச அமீன்களை மூடுவது பலருக்குக் கைப்பழக்கம். தானியங்கிக் கருவியின் நிரலிலும் அது இருக்கும். ஸ்டாட்டினுக்குப் பிறகு அதைச் செய்தால் ஹைட்ராக்சில் அசிட்டைல் ஆகிவிடும். நொதியின் இரண்டு அஸ்பார்ட்டேட்டுகளுக்கு நடுவில் உட்கார வேண்டிய அதே ஹைட்ராக்சில்! விளைபொருள் முழு நீளம், தூய்மை 95 சதவீதம், எடை மட்டும் 42 கூடுதல், தடுக்கும் வலு கிட்டத்தட்ட பூஜ்யம். எடையைச் சரிபார்க்காமல் சோதனைக்கு எடுத்துப்போனால் வடிவமைப்பே தவறு என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஸ்டாட்டினுக்கு முன்பு மூடிக்கொள்ளுங்கள்; அதற்குப் பிறகு நிரலிலிருந்து அந்தப் படியை நீக்கிவிடுங்கள்.

ரெசினிலிருந்து கழற்றுவதற்கு 95% டி.எஃப்.ஏ. (ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம்), 2.5% ட்ரைஐசோபுரோப்பைல்சிலேன், 2.5% நீர், 5 மில்லிலிட்டர், இரண்டு மணி நேரம். 1 மில்லிலிட்டர் ஆகும்வரை ஊதி வற்றவைத்து, 40 மில்லிலிட்டர் குளிர்ந்த டைஎத்தில் ஈதரில் ஊற்றினால் வெள்ளையாக விழும். எதிர்பார்க்கும் சராசரி எடை 1651.8, ஒற்றை ஐசோடோப் எடை 1650.8. நிறை அலைமாலையில் இரட்டை மின்னூட்டத்தோடு ஒற்றை ஐசோடோப் சிகரத்தை 826.4-இல் தேடுங்கள்.

சுத்திகரிப்பில் ஒரே சிக்கல், இந்தப் பெப்டைடில் நான்கு குளூட்டமிக் அமிலங்கள் இருப்பது. அமில நீரில் நேரடியாகக் கரைத்தால் கரையாமல் கலங்கும். சில சொட்டு டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்துவிட்டுப் பிறகு நீர்த்து சி18 பத்தியில் ஏற்றுங்கள். 5 முதல் 50% வரை அசிட்டோநைட்ரைல், 30 நிமிடம், 214 நானோமீட்டரில் பார்க்க வேண்டும்.

எடை போடும்போதும் ஏமாறக்கூடாது. உறைநிலையில் உலர்த்திய தூளில் லைசினுக்கும் தலை அமீனுக்கும் ஆளுக்கு ஒரு டி.எஃப்.ஏ. ஒட்டியிருக்கும், அது மட்டுமே 12 சதவீதம். ஈரத்தையும் சேர்த்தால் 5 மில்லிகிராம் என்று நிறுத்தது உண்மையில் 4 மில்லிகிராம் பெப்டைடுதான். இதில் டிரிப்டோஃபானும் இல்லை, டைரோசினும் இல்லை என்பதால் 280 நானோமீட்டரில் அளந்து திருத்தவும் முடியாது. அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்தால்தான் செறிவு உறுதி. தொடரில் உள்ள எல்லாப் பெப்டைடுகளுக்கும் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒன்றரை மடங்கு வித்தியாசங்களுக்கெல்லாம் அர்த்தம் கற்பித்துக்கொண்டிருப்போம்.

சோதனைத் தட்டு

ஸ்வீடியப் பிறழ்வு வரிசையின் ஒரு முனையில் எம்.சி.ஏ. என்ற ஒளிரும் குழுவும் மறுமுனையில் அதை அணைக்கும் டி.என்.பி.யும் கட்டிய சப்ஸ்ட்ரேட் (நொதி வெட்டும் பெப்டைடு) கடையில் கிடைக்கும். வெட்டு விழுந்ததும் ஒளிர்வு ஏறும்: 320-இல் தூண்டி 405 நானோமீட்டரில் படிக்கலாம். கறுப்புத் தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர்: நொதி கலந்த தாங்கல் கரைசல் 80, தடுப்பான் 10, சப்ஸ்ட்ரேட் 10. தாங்கல் கரைசல் 50 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட், பி.எச். 4.5, அதில் 0.01% டிரைட்டான் எக்ஸ்-100. சப்ஸ்ட்ரேட் கடைசிச் செறிவு 10 மைக்ரோமோலார். அதற்கு மேல் ஏற்றினால் டி.என்.பி. தானே ஒளியை விழுங்க ஆரம்பிக்கும், வேகம் குறைந்தது போலத் தெரியும். தடுப்பானையும் நொதியையும் 30 நிமிடம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் சப்ஸ்ட்ரேட் ஊற்ற வேண்டும், ஏனென்றால் மாறுநிலைத் தடுப்பான்கள் மெதுவாகப் பிடிப்பவை. 10 மைக்ரோமோலாரில் தொடங்கி மும்மூன்று மடங்காகப் பத்துப் புள்ளிகள் நீர்த்தால் 0.5 நானோமோலார் வரை இறங்கலாம். டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு, மொத்தம் 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

பி.எச். 4.5 என்பது நொதிக்கு உகந்த இடம். குளூட்டமிக் அமிலம் மிகுந்த பெப்டைடுக்கோ மின்னூட்டம் குறைந்து வெளியே விழும் இடம். கரையாமல் திரண்ட துணுக்குகள் நொதியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தடுப்பது போல் காட்டும். டிரைட்டான் உள்ளபோதும் இல்லாதபோதும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டிரைட்டான் சேர்த்ததும் தடுக்கும் வலு பத்து மடங்கு சரிந்தால், நீங்கள் பார்த்தது தடுப்பானை அல்ல, திரளலை.

இன்னொரு எல்லை கணக்கில் வருவது. நொதியின் செறிவு 20 நானோமோலார் என்றால், எவ்வளவு வலுவான தடுப்பானுக்கும் ஐ.சி.50 மதிப்பு (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவு) 10 நானோமோலாருக்குக் கீழ் இறங்காது. நொதியில் பாதியைப் பிடிக்க அத்தனை மூலக்கூறாவது வேண்டுமே. புதிய பெப்டைடுகள் எல்லாம் 11, 12, 10 என்று ஒரே இடத்தில் வந்து நின்றால் நொதியைக் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் இறுக்கமான தடுப்பான்களுக்கான மாரிசன் சமன்பாட்டில் பொருத்துங்கள்.

அதே வாரத்தில் கதெப்சின் டி-யிலும் சோதியுங்கள். லைசோசோமில் கழிவைச் செரிக்கும் இந்த நொதியும் அதே குடும்பம்தான். ஓ.எம்.99-2 அதையும் சில பத்து நானோமோலாரிலேயே பிடிக்கும். நியூரான்களுக்குள் அதை நிறுத்திவிடுவது தீர்வாகாது. பேஸ்-1-இன் நெருங்கிய உறவான பேஸ்-2-ஐயும் விடக்கூடாது, நிறமிச் செல்களில் அதற்கு வேலை இருக்கிறது.

செல்லுக்குள் போனதும்

தட்டில் 2 நானோமோலார் காட்டிய பெப்டைடு, செல்லில் 10 மைக்ரோமோலாரிலும் அசையாது. பேஸ்-1 ஒரு சவ்வுப் புரதம். எண்டோசோம் என்ற, செல் வெளியிலிருந்து உள்வாங்கும் அமிலத்தன்மை உள்ள பைக்குள் வேலை செய்கிறது. மின்னூட்டம் உள்ள பெப்டைடு அங்கே போய்ச்சேர்வதே இல்லை. இதற்கு 2008-இல் வந்த ஒரு தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: மாறுநிலைப் பெப்டைடின் வாலில் ஒரு ஸ்டீராலை (கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறு) கட்டிவிட்டார்கள். ஸ்டீரால் சவ்வில் நங்கூரமிட, சவ்வு உள்வாங்கப்படும்போது தடுப்பானும் எண்டோசோமுக்குள் சேர்ந்தே போனது. கட்டாத பெப்டைடு அதே செல்களில் பயனற்றுக் கிடந்தது.

செல் வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்வீடியப் பிறழ்வு ஏ.பி.பி. உள்ள செல்களில் அமைலாய்டு பீட்டா நிறையக் கிடைக்கும், அளக்க வசதி. ஆனால் அந்தப் பிறழ்வுப் புரதம் எண்டோசோமுக்குப் போவதற்கு முன்பே, சுரப்புப் பாதையிலேயே பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடுகிறது. ஸ்டீரால் கட்டிய தடுப்பானுக்கு இந்தச் செல்களில் அநியாயமாகக் குறைந்த மதிப்பெண் கிடைக்கும். பெரும்பாலான நோயாளிகளிடம் இருப்பது சாதாரண ஏ.பி.பி.; அந்தச் செல்களிலும் அளக்க வேண்டும்.

மூளை அடுத்த வேலி. ஓ.எம்.99-2-இன் எடை ஏறக்குறைய 893. இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க 500-க்குள், ஹைட்ரஜன் பிணைப்புக் கொடுப்பவை இரண்டு மூன்றுக்குள் என்பது நடைமுறைக் கணக்கு. கியோட்டோவில் யோஷியாகி கிசோ குழு எட்டு அலகிலிருந்து ஐந்து அலகுக்கு இறங்கி, கே.எம்.ஐ.-429 என்ற பெப்டைடில் 3.9 நானோமோலாரை எட்டியது. கார்பாக்சில்களுக்குப் பதில் டெட்ரசோல் வைத்ததும் அவர்கள் வழிதான். சுருக்கும்போது ஓரங்களிலிருந்து வெட்டி வாருங்கள்: முதலில் பி4, பி4', பிறகு பி3'. பி1, பி2' இரண்டும் கடைசிவரை இருக்கட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் வலு எத்தனை மடங்கு குறைகிறது, எடை எவ்வளவு குறைகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் எந்த அலகு தன் இடத்துக்குத் தகுதியானது என்று தெரிந்துவிடும்.

பெப்டைடு காட்டிய வழியில் வளர்ந்த சிறு மூலக்கூறுகள் மனிதர்கள் வரை போயின. வெருபெசெஸ்டாட் மூளைத்தண்டுவட நீரில் அமைலாய்டு பீட்டாவை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது; நோய் குறையவில்லை. 2017-க்கும் 2019-க்கும் இடையில் வெருபெசெஸ்டாட், அட்டபெசெஸ்டாட், லானபெசெஸ்டாட், உமிபெசெஸ்டாட், எலென்பெசெஸ்டாட் என ஒவ்வொரு சோதனையாக நிறுத்தப்பட்டது. சிலவற்றில் மருந்து எடுத்தவர்களின் நினைவுத்திறன் மதிப்பெண்களே சற்று மோசமாயின. அட்டபெசெஸ்டாட்டில் கல்லீரல் நொதிகளும் ஏறின. பேஸ்-1 ஏ.பி.பி.யை மட்டும் வெட்டுவதில்லை. நரம்பு உறைக்குத் தேவையான நியூரெகுலின்-1, சினாப்ஸ்களுக்குத் தேவையான செஸ்-6 ஆகியவற்றையும் அதுதான் வெட்டித் தருகிறது. அத்தனையையும் சேர்த்து நிறுத்தியதற்கு விலை இருந்தது.

ஐஸ்லாந்துப் பிறழ்வுக்கு இங்கேதான் திரும்பி வருகிறேன். அவர்களிடம் ஏ.பி.பி. வெட்டு மட்டும் குறைகிறது, அதுவும் பாதிக்குக் குறைவாக, பிறந்த நாளிலிருந்து. வளர்ப்பு நியூரான்களில் அமைலாய்டு பீட்டா உற்பத்தியை 50 சதவீதத்துக்குள் குறைத்தபோது சினாப்ஸ் சமிக்ஞை பாதிக்கப்படவில்லை என்று 2020-இல் வந்த ஆய்வும் அதே திசையைக் காட்டுகிறது. அதனால் இன்று ஒரு புதுப் பெப்டைடை மதிப்பிடும்போது, செல் சோதனையில் அமைலாய்டு பீட்டா பாதியாகும் செறிவோடு, அதே குழிகளிலிருந்து செஸ்-6 வெட்டுத்துண்டு பாதியாகும் செறிவையும் அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், கே.ஐ. எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தொடரை நிறுத்திவிடலாம். கோடுகள் மூன்று நான்கு மடங்காவது பிரிந்தால், அந்தப் பிரிவு எந்தப் பக்கச்சங்கிலியிலிருந்து வருகிறது என்று அலனினை ஒவ்வோர் இடமாக வைத்துத் தேடத் தொடங்குங்கள். பி2'-இல் ஏற்கெனவே அலனின்தான் என்பதால் அங்கே மட்டும் த்ரியோனின் வையுங்கள்.